எழுதிக்கொண்டு போன விலை

ஒரு பொருளுக்கு விலை கேட்பதென்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. வாங்குகிறவர் கேட்பார். விற்கிறவர் கூசாமல் ஒன்றரை மடங்கு சொல்வார். கேட்டவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதிக்குக் கேட்பார். விற்கிறவர் "கட்டாதுங்க" என்பார். வாங்குகிறவர் கோபித்துக்கொண்டு நாலு அடி நடப்பார். விற்கிறவர் கூப்பிடுவார். கடைசியில் இரண்டு பேரும் ஆரம்பத்திலேயே தெரிந்து வைத்திருந்த விலையில் வந்து நிற்பார்கள். விருத்தாசலத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இந்தச் சங்கதி தெரியாத ஒருவர், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிலோமின்ராஜின் கொட்டகைக்குள் நுழைந்தார். வந்தவர் ரொம்பப் படித்தவர். எல்லாம் அதனால் வந்தது.

பிலோமின்ராஜுக்கு ஜங்ஷனுக்குப் பின்பக்கம் வாடகைக் கொட்டகை. இருபத்திரண்டு வருஷமாகப் பீங்கான் ஊறுகாய் ஜாடி செய்கிறான். மேல்பாதி பழுப்பு, கீழ்பாதி வெள்ளை, அதே ஜாடி. அவன் களிமண் கூழை அச்சில் ஊற்றுவான், பெண்டாட்டி மெர்சி காய்ந்ததை எடுத்துப் பளபளப்புப் பூச்சில் முக்குவாள். முதலாளி, தொழிலாளி, மேனேஜர் எல்லாம் இந்த இரண்டு பேர்தான். சொந்தச் சூளை கிடையாது. சாமிதுரை என்கிறவருடைய கேஸ் சூளையில் தட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துச் சுட்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜாடியை வாங்குகிறது பெரும்பாலும் ஒரே ஆள், வேப்பூர் சொர்ணாம்பாள். நெடுஞ்சாலையில் பஸ் நிற்கிற ஓட்டல்களில் அவளுடைய ஊறுகாய் பேர் போனது. சென்னைக்கும் திருச்சிக்கும் போகிறவர்கள் அந்தப் பீங்கான் ஜாடிக்காகவே வாங்குவார்கள். திங்கட்கிழமை தவறாமல் லோடு ஆட்டோவில் வந்து அறுபது ஜாடி ஏற்றிக்கொண்டு போவாள். எட்டு வருஷமாக அதே ஜாடி, அதே அறுபது. ஆனாலும் ஒவ்வொரு திங்களும் புதுசாக வந்தவள் மாதிரி "என்னா வெல?" என்று ஆரம்பிப்பாள். இவனும் அவளை முன்னப்பின்னப் பார்த்தேயிராதவன் மாதிரி உச்சத்தில் ஒரு விலை சொல்லுவான். கால்மணி நேரம் கச்சேரி நடக்கும். பிறகு போன வாரத்து விலைக்கே ஏற்றிக்கொண்டு போவாள்.

அந்த விலை முன்பு எழுபதாக இருந்தது. எங்கேயோ இரண்டு தேசத்துக்காரர்கள் அடித்துக்கொண்டதில் இங்கே கேஸ் விலை எகிறி, சூளைக் கூலி ஏறி, ஜாடி தொண்ணூறு ஆயிற்று. இப்போது கேஸ் கொஞ்சம் இறங்கியிருந்தது. போன திங்கள்தான் சொர்ணாம்பாள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"கேஸு எறங்கிப்போச்சு, நீ மட்டும் மேலயே குந்திக்கினு இருக்குற. எண்பதுக்கு வந்தியானா அடுத்த வாரம் வண்டி வரும். இல்லன்னா நான் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போயிடுவேன், சொல்லிட்டேன்."

"வந்துடுறேம்மா, எண்பதே வச்சுக்குங்க," என்றான் பிலோமின்ராஜ். வேறென்ன சொல்வான்? அந்த அறுபது ஜாடி நின்றால் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் திருப்பூர் பஸ் ஏற வேண்டியதுதான். மெர்சியின் தங்கை அங்கே பனியன் கம்பெனியில் இருந்தாள், வரச்சொல்லிப் போன் பண்ணிக்கொண்டே இருந்தாள்.

இந்த நிலைமையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை விடிந்தது. வந்தவர் பெயர் அறிவழகன். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அட்டை, கையில் சிலேட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டர்.

"சார், இந்த ஜாடி என்ன விலைங்க?"

புது ஆள் என்று பிலோமின்ராஜுக்கு ஒரு உற்சாகம் வந்துவிட்டது. "நூத்தியிருபதுங்க," என்று சொல்லிவிட்டு, அவர் நெஞ்சைப் பிடிப்பதற்காகக் காத்திருந்தான்.

"சரிங்க," என்று எழுதிக்கொண்டார் அறிவழகன்.

இருபத்திரண்டு வருஷத்தில் சொன்ன விலைக்கு "சரி" என்று ஒருவரும் சொன்னதில்லை. "சொல்றதுதாங்க நூத்தியிருபது. நீங்க கேளுங்க," என்றான்.

"கேட்டாச்சுங்களே. ரெண்டு வருஷம் முன்னாடி இதே ஜாடி என்ன விலை?"

"எழுபதுக்குக் குடுத்தேங்க." இதை அவன் உள்ளபடியே சொன்னான். விற்றுப்போன ஜாடிக்கு யார் பேரம் பேசப்போகிறார்கள்?

"கண்டிப்பா எழுபதா?"

"மாதா மேல சத்தியமா எழுபது."

கம்ப்யூட்டரின் கண்ணாடியில் விரலால் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அன்பளிப்பு என்று ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு, அறிவழகன் கும்பிட்டுக் கிளம்பினார். நாலு அடி நடந்தார். இதோ திரும்புவார் என்று பிலோமின்ராஜ் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தாவது அடியும் போய், ஆறாவதும் போய், வண்டியை உதைத்துப் போயே போய்விட்டார்.

மெர்சி பூச்சுக் கையோடு வெளியே வந்தாள். "யாருங்க அது?"

"தெரியல. வெல கேட்டாரு, சொன்னேன். சரின்னுட்டாரு."

"சரின்னாரா? வாங்குனாரா?"

"வாங்கல."

"வாங்காதவரு எதுக்கு சரின்னாரு?"

பிலோமின்ராஜ் கடிகாரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டினான்.

இரண்டு வாரத்தில் வீட்டுக்கு ஒரு கடிதமும், கொட்டகைக்கு ஒரு தகரப் பலகையும் வந்தன. பன்னாட்டு விலையேற்ற நீடிப்பு ஆய்வு மையம் என்று ஒன்று இருக்கிறதாம். உலகத்தில் அதிர்ச்சிகள் வருகின்றன அல்லவா, போர், கொள்ளைநோய், எண்ணெய்த் தட்டுப்பாடு என்று? அதில் விலை ஏறுகிறது. அதிர்ச்சி போன பிறகும் விலை இறங்குவதில்லை. ஏறினது எவ்வளவு காலம் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறதோ அதற்கு நீடிப்பு என்று பெயர். எந்த நாட்டில் எவ்வளவு நீடிப்பு என்று அளந்து பார்க்க இருபத்து மூன்று நாடுகளில் நாட்டுக்கு ஒரு பொருளாகப் பொறுக்கி எடுத்ததில், இந்தியாவின் சார்பில் பிலோமின்ராஜின் ஜாடிக்கு அந்தப் பாக்கியம் கிடைத்திருந்தது. பலகையில் மேலே போகிற அம்புக்குறி ஒன்று. அதன் கீழே கொட்டை எழுத்தில் "கண்காணிப்பு விலை ரூ.120". நாலு ஆணி அடித்து வாசலில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த இரண்டு திங்களும் சொர்ணாம்பாள் எண்பதுக்குத்தான் ஏற்றிப் போயிருந்தாள். மூன்றாவது திங்கள் வந்தவள் ஆட்டோவிலிருந்து இறங்காமலே பலகையைப் படித்தாள்.

"என்னா, போர்டு போட்டுட்ட?"

"அது நான் போடலம்மா. ஆராய்ச்சிக்காரங்க."

"வெல எழுதி மாட்டிட்டா அப்புறம் நான் வாயத் தொறந்து என்னா பேசுறது? பிக்ஸட் ரேட்டு துணிக்கடைக்குப் போய் பேரம் பேசுற மாதிரி இருக்குமே."

"உங்களுக்கு எண்பதுதாம்மா. அதப் பாக்காதீங்க."

"எப்படிப் பாக்காம இருக்குறது? கதவு சைசுக்கு மாட்டிவச்சிருக்குற." அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. எண்பது கொடுத்தாள், ஏற்றினாள், கச்சேரி இல்லாமல் போனாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அன்று அவள் போகும்போது "வரேன்" என்று சொல்லவில்லை. பிலோமின்ராஜுக்கு அது சுருக்கென்றது.

இதைச் சரிசெய்துவிட வேண்டியதுதான் என்று அவன் மையத்தின் அலுவலகத்துக்குப் போனான். ஊருக்குள்ளேயே பாலக்கரையில் ஒரு டயர்க் கடைக்கு மேல் மாடி. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அறிவழகன் எழுந்து நின்று நாற்காலி போட்டார். மரியாதைக்குக் குறைவில்லை. அந்த அலுவலகத்தில் எதற்குமே குறைவில்லை.

"சார், அந்த நூத்தியிருபத எண்பதுன்னு மாத்தணுங்க."

அறிவழகன் முகம் மலர்ந்தது. "இறங்கியிருக்கா? ரொம்ப முக்கியமான தகவலுங்க இது. எந்த அதிர்ச்சியால இறங்குச்சு?"

"அதிர்ச்சியா?"

"காரணம் இல்லாம விலை மாறாதுங்க. இதோ பாருங்க, போர், வறட்சி, வெள்ளம், கொள்ளைநோய், நாணயச் சரிவு, எண்ணெய். இதுல எது?"

"எதுவும் இல்லீங்க சார். நீங்க அன்னிக்குப் பேரம் பேசல. அதான்."

அறிவழகன் பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலால் தேடினார். "பேரம்னு ஒரு அதிர்ச்சி இதுல இல்லீங்களே."

"கடைசியில 'பிற'ன்னு ஒண்ணு இருக்குதே சார்?"

"அது இயக்குநர் மட்டும் பயன்படுத்துற கட்டம்."

கேஸ் இறங்கினதையாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தான். அது இறங்குமுக அதிர்ச்சி, இப்போது நடப்பது ஏறுமுக அதிர்ச்சிக்கான முதல் கட்டம், இறங்குமுகத்துக்கு இன்னும் நிதி ஒதுக்கவில்லை என்று அறிவழகன் வருத்தத்தோடு சொன்னார். அவர் வருத்தம் நிஜமாகவே இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

விஷயம் இயக்குநர் முனைவர் குருமூர்த்தியின் அறைக்குப் போனது. அவர் பிலோமின்ராஜைப் பார்த்ததும் இரண்டு கையாலும் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்களைப் பார்க்கணும்னு இருந்தேன். எழுபதிலிருந்து நூற்றி இருபது! எழுபத்தொரு சதவீதம்! இருபத்து மூன்று நாடுகள்ல நீங்கதான் முதலிடம், தெரியுமா? துருக்கியை நாலு புள்ளியில தாண்டிட்டீங்க."

"சார், அந்த நூத்தியிருபது சொல்ற வெலைங்க சார். குடுக்குற வெல இல்ல."

"சொல்ற விலைதானே விலை? நீங்க சொல்லாம நாங்க எப்படி எழுத முடியும்?"

"நீங்க கேட்டிருந்தா நான் எறங்கி வந்திருப்பேன் சார்."

குருமூர்த்தி சிரித்தார். சின்னப் பிள்ளையின் சந்தேகத்துக்குச் சிரிக்கிற சிரிப்பு அது. "பிலோமின்ராஜ், நாங்க விலையைத் தொடுறதே இல்லை. அது எங்க மையத்தோட முதல் விதி. தள்ளி நின்னு பார்க்கிறதோட சரி. நான் பேரம் பேசினேன்னு வைங்க, அது தலையீடு. தலையிட்டா அப்புறம் அது விஞ்ஞானமா?"

டீயும் பிஸ்கட்டும் வந்தன. பிலோமின்ராஜ் சாப்பிட்டுவிட்டு வந்தான்.

அடுத்த மாதம் அறிக்கை வெளியாயிற்று. பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டார்கள்: "விலையேற்றத்தில் விருத்தாசலம் ஜாடி உலக அளவில் முதலிடம்." கூடவே பிலோமின்ராஜ் படம். ஆதார் அட்டைக்கு எடுத்தது, அதில் அவன் ஏற்கெனவே ஏமாந்தவன் மாதிரிதான் இருப்பான்.

அன்று சாயந்திரம் சூளைக்கார சாமிதுரை பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார்.

"ஏம்ப்பா, எழுபத்தொரு பர்சென்ட்டு ஏத்திப்புட்டு என்கிட்ட வந்து பழைய கூலியே குடுத்துக்கினு இருக்குற. நான் என்னா கேனையனா?"

"அண்ணே, அது பொய்யிண்ணே. தப்பா எழுதிட்டாங்க."

"பேப்பர்ல போட்டிருக்குது. டாக்டர் பட்டம் வாங்குனவரு கையெழுத்துப் போட்டிருக்குறாரு. உனக்குத் தெரியுமா அவருக்குத் தெரியுமா?" அடுத்த நடையிலிருந்து தட்டுக்கூலி ஏறும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் கெட்ட மனுஷன் இல்லை. ஊரெல்லாம் ஏறும்போது நாம் மட்டும் இளிச்சவாயனாக இருக்கிறோமோ என்கிற பயம்தான்.

பயம் ஒட்டுவாரொட்டி. கொட்டகைச் சொந்தக்காரருக்கு அது வியாழக்கிழமை ஒட்டியது, வாடகை ஏறியது. களிமண் லாரிக்காரனுக்குச் சனிக்கிழமை ஒட்டியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் நிற்கிறார்கள். "உலக லெவல்ல போயிட்டீங்க, வரி பழையபடியேன்னா தேரே நகராதுங்க," என்று சிரித்துக்கொண்டே ரசீதைக் கிழித்தார்கள். மெர்சி வீட்டுக்கு வந்து அந்தச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினாள். மணி பார்க்க முடியாமல் போனதுதான் மிச்சம்.

அதற்கடுத்த திங்கள் சொர்ணாம்பாள் வந்தபோது பிலோமின்ராஜ் வாசலிலேயே நின்றான். எண்பதுக்குக் கொடுத்தால் இப்போது ஒவ்வொரு ஜாடிக்கும் கையிலிருந்து போட வேண்டும். அதை எப்படி அவளிடம் சொல்வது என்று ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் மறந்துபோயிற்று.

"என்னா வெல?" என்றாள் அவள். பழைய பழக்கத்துக்குத்தான் கேட்டாள்.

"நூத்தியிருபதும்மா."

"அறுபதுக்குக் குடு." அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது, கச்சேரி திரும்பிவிட்டது என்று நினைத்தாள்.

"கட்டாதும்மா."

"சரி, எழுபது."

"கட்டாதும்மா."

"எண்பது. பேசுனது எண்பதுதான, வையி."

பிலோமின்ராஜ் மறுபடி கட்டாதென்று தலையசைத்தான். அவள் நாலு அடி நடந்தாள். அவன் கூப்பிட வேண்டிய இடம் அது. கூப்பிட்டால் என்ன விலை சொல்வது? நூற்றிப் பதினெட்டா?

சொர்ணாம்பாள் தானே திரும்பி வந்தாள். முதல் தடவையாக அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். "நெசமாவே கட்டலியா?"

"நெசமாவே கட்டலம்மா."

"இந்த வெலைக்கு நான் எடுத்தா ஊறுகாய என்னா வெலைக்கு விக்கிறது? பஸ்ஸு நிக்கிறதே பத்து நிமிசம். வெலயக் கேட்டுட்டு ஏறிக் குந்திக்குவாங்க." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "உன்மேல கோவம் இல்லப்பா. பிளாஸ்டிக்காரன் வூட்டுக்கே கொண்டாந்து எறக்குறேன்றான். போயிட்டு வரேன்."

இந்தத் தடவை "வரேன்" என்றுதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு லோடு ஆட்டோ வரவில்லை.

இப்படிச் சில மாதம் போனபோது மையம் ஒரு கருத்தரங்கு வைத்தது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை நாற்காலியில் பிலோமின்ராஜை உட்காரவைத்துச் சால்வை போர்த்தினார்கள். மெர்சி முன்வரிசையில். குருமூர்த்தி மைக்கைப் பிடித்தார்.

"மதிப்பிற்குரியவர்களே! கல்லை மேலே எறிந்தால் கீழே வருகிறது. விலையை எறிந்தால் ஏன் வருவதில்லை? இந்த ஒரு கேள்விக்காக இருபத்து மூன்று நாடுகளில், நாற்பத்தொரு அலுவலகங்களில், பதினோரு ஆண்டுகளாக உழைக்கிறோம். நாங்கள் தொடங்கிய நாளில் இருந்த கேள்வி இன்றைக்கும் ஒரு கீறல்கூட விழாமல் அப்படியே இருக்கிறது என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்!" கைதட்டல் அடங்க நேரமாயிற்று. "சிலர் கேட்கிறார்கள், விலை இறங்க வழி சொல்லக் கூடாதா என்று. நண்பர்களே, விலை இறங்கிவிட்டால் அதை எப்படி ஆராய்வது? ஆராயாவிட்டால் அது ஏன் இறங்கவில்லை என்பதை உங்களுக்கு யார் சொல்வது? இதோ நம் பிலோமின்ராஜ் இருக்கிறார். ஆறு மாதம்! நூற்றி இருபதிலிருந்து ஒரு ரூபாய் அசையவில்லை. எங்கள் கணிப்பு நூற்றுக்கு நூறு பலித்திருக்கிறது!"

பிலோமின்ராஜ் மெர்சியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

பிறகு பெரிய திரையில் துருக்கி தெரிந்தது. இரண்டாமிடம் வந்த அம்மாள், ஐம்பது வயதிருக்கும், தலையில் துணி கட்டியிருந்தாள். பின்னால் அலமாரி நிறையப் பூப்போட்ட கிண்ணங்கள், விற்காத கிண்ணங்கள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. சுவரில் அதே அம்புக்குறி போட்ட பலகை. அவள் மளமளவென்று என்னவோ சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒரு வரியில் முடித்தார்: "அங்கேயும் விலை நன்றாக நீடிப்பதாகத் தெரிவிக்கிறார்."

அந்த அம்மாள் விடவில்லை. திரைக்குக் கிட்டே வந்து பிலோமின்ராஜைப் பார்த்து, பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். பிறகு ஆறு விரல் காட்டினாள். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலால் நாலு அடி நடந்து போகிற மாதிரி காட்டி, கையை விரித்தாள். அடக் கடவுளே, என்று பிலோமின்ராஜுக்குப் புரிந்துபோயிற்று. அவளிடமும் யாரோ படித்தவர் வந்து விலை கேட்டிருக்கிறார். அவளும் பத்து சொல்லிவிட்டு, அவர் பேசி ஆறுக்கு வருவதற்காகக் காத்திருந்திருக்கிறாள். அவனும் நெஞ்சைப் பிடித்துக் காட்டினான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நாடுகளுக்கிடையிலான ஒத்திசைவு!" என்று குருமூர்த்தி மைக்கில் குதூகலித்தார். அதற்குள் திரையில் பெரு நாடு வந்துவிட்டது.

மழைக்காலம் போய் மாவடுக் காலம் வந்தபோது திட்டத்தின் முதல் கட்டம் முடிந்தது. பிலோமின்ராஜின் கொட்டகையும் முடிந்தது. சொர்ணாம்பாளுக்குப் பிறகு சேத்தியாத்தோப்புச் சந்தைக்கும் நல்லூருக்கும் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தான். போன ஜாடிகளில் பாதி திரும்பி வந்தது. சாமிதுரையிடம் கூலியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டான். "எனக்கு மட்டும் ஏறலியா? கேஸு எறங்குச்சு, வேலையாளு கூலி ஏறிப்போச்சு, அவனும் பேப்பர் படிக்கிறான்ல," என்றார் அவர். சனிக்கிழமை பஸ்ஸுக்குத் திருப்பூருக்கு டிக்கெட் போட்டாயிற்று. மெர்சி அச்சுகளைத் துடைத்துச் சாக்குப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். மூலையில் விற்காத ஜாடிகள் கூரைவரைக்கும் அடுக்கிக் கிடந்தன.

வியாழக்கிழமை ஒரு கார் வந்து நின்றது. குருமூர்த்தியும் அறிவழகனும் இறங்கினார்கள். பலகை மையத்தின் சொத்து, கணக்கு முடிக்கும்போது திருப்பி எடுத்துவிட வேண்டுமாம். அறிவழகன் ஆணிகளைப் பிடுங்கினார். கடிகாரம் அன்பளிப்பு, அதை வைத்துக்கொள்ளலாம் என்று குருமூர்த்தி பெருந்தன்மையாகச் சொன்னார்.

"கடைசியா ஒரு தடவை விலையைக் கேட்டு எழுதிக்கிட்டா எங்க வேலை முடிஞ்சுது. என்ன விலை பிலோமின்ராஜ்?"

"நூத்தியிருபதுங்க சார்."

இப்போது அது உண்மையான விலை. அதற்கு ஒரு ரூபாய் குறைத்தாலும் நஷ்டம். ஒரு வருஷத்துக்கு முன்னால் சும்மா சொன்ன சொல்லை ஊரும் உலகமுமாகச் சேர்ந்து மெய்யாக்கிக் கொடுத்திருந்தது.

அறிவழகன் எழுதப் போனார். அதற்குள் குருமூர்த்தியின் கண் அடுக்கிலிருந்த ஜாடிமேல் போயிற்று. ஒன்றை எடுத்துத் திருப்பினார், விரலால் தட்டிச் சத்தம் கேட்டார், மூடியைத் திறந்து மோந்துகூடப் பார்த்தார்.

"வீட்ல மாவடு போடணும்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. இது எவ்வளவுப்பா?"

"நூத்தியிருபதுங்க சார்."

குருமூர்த்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா, அநியாயமா இருக்கு! ஒரு ஜாடி நூத்தியிருபதா? சொல்ற விலையை விடு, குடுக்கிற விலையைச் சொல்லு. அறுபது ரூபா."

பிலோமின்ராஜ் அவரையே பார்த்தான். "கட்டாதுங்க சார்," என்று அவன் வாய் தன்னால் சொல்லிற்று.

"விளிம்புல இங்க லேசா நெளிஞ்சிருக்கு பாரு. இத யாரு வாங்குவா? கூரைவரைக்கும் அடுக்கி வச்சிருக்க, போகாத சரக்குதானே? அறுபத்தஞ்சு. கடைசி."

"கட்டாதுங்க சார்."

குருமூர்த்தி ஜாடியை வைத்துவிட்டு நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு அடி. அப்படியொரு சுத்தமான நாலு அடியைச் சொர்ணாம்பாள்கூட நடந்ததில்லை. நாலாவது அடியில் வேகத்தைக் குறைத்துக் கழுத்தை லேசாகத் திருப்பினார். மூட்டை கட்டின கொட்டகை, சனிக்கிழமை பஸ், யாரும் தொடாத ஜாடிகள். பிலோமின்ராஜுக்கு வேறு வழி இருக்கவில்லை.

"சார், வாங்க சார். எழுபது குடுங்க."

"அப்படி வா வழிக்கு," என்றார் குருமூர்த்தி. எண்ணிக் கொடுத்தார். ஜாடியைப் பேப்பரில் சுற்றச் சொன்னார். சுற்றக் கிடைத்தது அவர் அறிக்கை வந்த பேப்பர்தான்.

பிலோமின்ராஜ் காரின் கதவைப் பிடித்துக்கொண்டான். "சார், இத எழுதிக்கங்க சார். எழுபதுன்னு. அதிர்ச்சின்னு இருக்குற எடத்துல என்னா வேணா போட்டுக்கங்க. நீங்களே வாங்கியிருக்கீங்க, நீங்களே சாட்சி."

"அது வேற, இது வேறப்பா. அது ஆராய்ச்சி. இது வீட்டுக்கு." குருமூர்த்தி ஜாடியை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு அறிவழகனைப் பார்த்தார். "என்ன அறிவழகன், முடிச்சாச்சா? இறுதி விலை நூற்றி இருபது. இறக்கம் ஏதும் இல்லை. போடுங்க."

அறிவழகன் ஒரு நிமிஷம் பிலோமின்ராஜைப் பார்த்தார். என்னவோ கேட்க வருகிற மாதிரி இருந்தது. பிறகு போட்டார்.

கார் போனதும் மெர்சி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசல் சுவரில் நாலு ஆணி ஓட்டை இருந்தது.

"எவ்வளவுக்குங்க குடுத்தீங்க?"

"எழுபது."

"எழுபதா?" மெர்சி யோசித்தாள். "அது சண்டைக்கு முன்னாடி வெலயாச்சே."

"ஆமா," என்றான் பிலோமின்ராஜ். "அவருக்கு மட்டும் எறங்கிடுச்சு."

அவள் உள்ளே போய் அடுத்த மூட்டையைக் கட்ட ஆரம்பித்தாள். அவன் அந்த எழுபது ரூபாயை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கப் போனான்.